‘அவர் எங்கள் ஆள் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு

லாரி நிறுவனம் நடத்துகிறவர்களுக்கும், அந்த லாரிகளுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கிறவர்களுக்கும், டிரைவர்களை வைத்து வேலை வாங்குகிற எல்லா முதலாளிமார்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் உங்கள் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். விபத்தில் சிக்கிய சரக்கு வண்டிகளின் கிளைம் கோப்புகளைப் படித்து, என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பல வருஷமாக இதையேதான் செய்கிறேன். கோப்பு என் மேசைக்கு வரும்போது எல்லாம் முடிந்து போயிருக்கும். நசுங்கிய கேபினின் போட்டோ, போலீஸ் போட்ட வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இவற்றுக்குப் பின்னால் உங்கள் கடிதங்கள். கோப்பிலேயே சின்னது அவைதான். இரண்டு வரி, மூன்று வரி.

போன வருஷம் படித்த ஒரு கோப்பு இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். அதில் டிரைவர் எப்போது ஓட்டினார், எப்போது ஓய்வெடுத்தார் என்று கையால் எழுதிய லாக் புத்தகம் இருந்தது, ஆறு நாள் பதிவு. ஆறு நாளுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். வேறு வேறு நாளில், வேறு வேறு களைப்பில், ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிற கையெழுத்து அப்படி வராது. ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. நாலாவது நாளில் மட்டும் ஒரு 1, 4 ஆகியிருந்தது. அதாவது ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பியவர் நாலு மணிக்குக் கிளம்பினாராம்.

லோடு ஏற்றிய கிடங்கின் கேட் ரிஜிஸ்டர் நகலும் கூடவே இருந்தது. வண்டி உள்ளே வந்தது காலை 11.40. டாக், அதாவது லோடு ஏற்றுகிற மேடை, கிடைத்தது மாலை 6.15. லாக் புத்தகத்தில் அந்த ஆறரை மணி நேரத்துக்கு ‘ஓய்வு’ என்று எழுதியிருந்தது. என்ன ஓய்வு? முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் நாமும் ஸ்டார்ட் செய்து இருபது அடி நகர்த்த வேண்டும். தூங்கிவிட்டால் வரிசை போய்விடும். அங்கே காத்திருந்ததற்கு அவருக்கு ஒரு காசு கிடையாது, ஓடினால்தான் காசு. அப்புறம் இருட்டிய பிறகு ஓட ஆரம்பித்தார்.

போனில் இருந்து எடுத்த மெசேஜ்கள் நாலு பக்கம் வந்தன. ‘எங்க இருக்கீங்க?’ ‘லொகேஷன் போடுங்க.’ ‘ஆறு மணிக்குள்ள இறக்கலேன்னா பார்ட்டி லோடை எடுக்க மாட்டாங்க, வாடகையில பிடிச்சிருவாங்க.’ நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் ஒன்பது. கடைசி மெசேஜ் 3.52க்கு வந்திருக்கிறது. 3.58க்கு, சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு வேனின் பின்னால் லாரி போய் மோதியது. தரையில் பிரேக் பிடித்த தடமே இல்லை. டிரைவரும், டயர் மாற்றிக்கொண்டிருந்தவரும் அங்கேயே போய்விட்டார்கள். அந்தக் கடைசி மெசேஜைத் திறந்து பார்க்க ஆளில்லை.

இனி உங்கள் கடிதங்கள். லாரி நிறுவனம் எழுதியது: மேற்படி ஓட்டுநர் எமது ஊழியர் அல்லர், தனி ஒப்பந்தக்காரர். இடைத்தரகர் எழுதியது: வண்டி ஏற்பாடு செய்ததோடு எமது பணி முடிந்தது. சரக்கு அனுப்பியவர் எழுதியது: சரக்கை ஒப்படைத்த பின் நடந்தவற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல. இன்சூரன்ஸ் எழுதியது: நிபந்தனை மீறப்பட்டதால் பாலிசி பொருந்தாது. நாலு கடிதம், நாலிலும் ஒரே சேதி. அவர் எங்கள் ஆள் இல்லை. ஆனால் அந்த ராத்திரி ஒன்பது மெசேஜ் அனுப்பியது யார்? உங்கள் ஆள் இல்லாதவரிடம் அத்தனை தடவை ‘எங்க இருக்கீங்க’ என்று கேட்க உங்களுக்கு என்ன உரிமை?

இந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். கொஞ்ச காலமாகவே பல நாட்டு நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் இதையே கேட்டுக்கொண்டு வருகின்றன, உங்கள் வக்கீல் உங்களிடம் இதை எந்த அளவுக்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

‘தனி ஒப்பந்தக்காரர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1925இல் வந்த மத்தியஸ்தச் சட்டம் ஒன்று உண்டு. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மூடிய அறையில் மத்தியஸ்தர் முன் முடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லும் என்பது அதன் சாரம். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டுபோகிற தொழிலாளர்களின் வேலை ஒப்பந்தங்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது. நியூ பிரைம் என்ற லாரி நிறுவனம், எங்கள் டிரைவர் தொழிலாளியே இல்லை, தனி ஒப்பந்தக்காரர், அதனால் விலக்கு அவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் வரை வாதாடியது. 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1925இல் அந்தச் சொற்களுக்கு என்ன பொருளோ அதுதான் பொருள், தனி ஒப்பந்தக்காரர் செய்துகொண்ட ஒப்பந்தமும் வேலை ஒப்பந்தமே என்றது நீதிமன்றம், மாற்றுக் கருத்து சொன்ன நீதிபதி ஒருவர்கூட இல்லை. அதாவது, யாரும் பார்க்காத அறையில் முடிந்துபோகிற சண்டை திறந்த கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

கலிபோர்னியாவில் 2018இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஒருவர் ஊழியரா தனி ஒப்பந்தக்காரரா என்று தீர்மானிக்க மூன்று கேள்வி வைத்தது, 2020 தொடக்கத்தில் அதுவே சட்டமாக நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டாவது கேள்விதான் உங்கள் தொண்டையில் மாட்டுவது: இந்த ஆள் செய்கிற வேலை, உங்கள் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ள வேலையா? லாரி ஓட்டுவதே தொழிலாக உள்ள நிறுவனம் இதற்கு என்ன பதில் சொல்லும்? லாரி நிறுவனங்களின் சங்கம் தடை வாங்கிப் பார்த்தது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததும் அந்தத் தடையும் போயிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் துறைமுகத்தை மறித்தவர்கள் முதலாளிகள் இல்லை, சொந்த வண்டி வைத்து ஓட்டுகிற டிரைவர்கள். கடன் வாங்கி லாரி வாங்கி, யாருக்கும் கைகட்டி நிற்காமல் பிழைக்கிறவனை ஒரே கோட்டில் ஊழியன் ஆக்குவது நியாயமா என்று கேட்டார்கள். அவர்கள் கோபத்தில் உண்மை இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த டிரைவர்களின் கோபத்தைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு நீங்கள் பின்னால் ஒளிவதுதான் எனக்கு ஆகவில்லை. நான் கோப்பு படிக்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று. இன்று ராத்திரி ‘இந்த லோடு வேண்டாம்’ என்று சொன்ன டிரைவருக்கு நாளைக்கு லோடு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அவர் நிஜமாகவே தனி ஆள். கிடைக்காது என்றால் நீங்கள் என்ன பேர் வைத்தாலும் அவர் உங்கள் ஆள்தான்.

ஆஸ்திரேலியா இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது, எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. சாலைப் போக்குவரத்தில் கூலியையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்க 2012இல் ஒரு தனித் தீர்ப்பாயம் வைத்தார்கள். சொந்த வண்டிக்காரர்கள் உட்படப் பலர் எதிர்த்ததால் 2016இல் அதைக் கலைத்தும் விட்டார்கள். எட்டு வருஷம் கழித்து, 2024இல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தில், ஊழியரா இல்லையா என்ற தகராறுக்குள் போகாமல், சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குறைந்தபட்ச நிபந்தனைகள் வகுக்கிற அதிகாரத்தை, வேலை நிபந்தனைகளைத் தீர்மானிக்கிற அந்த நாட்டு ஃபேர் வொர்க் ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் போன எட்டு வருஷத்தை யாரும் திருப்பித் தரப் போவதில்லை, சரி, வந்தவரைக்கும் நல்லது.

அடுத்தது ‘நாங்கள் சரக்குதான் கொடுத்தோம்’ என்ற கடிதம். இதை எழுதுகிறவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதியில் பத்தாவது பிரிவை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். டிரைவர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்த வேண்டும் என்று சொல்கிற அதே விதி, பத்தாவது பிரிவில் டிரைவரை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறது. சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும்படியாக, விதியை மீறத் தூண்டும்படியாக, ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய சரக்கின் அளவுக்கோ காசு கொடுக்கக் கூடாது. சரக்கு அனுப்புகிறவர், தரகர், ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், டிரைவரை அனுப்பி வைக்கிற ஏஜென்சி, இத்தனை பேரும் தாங்கள் ஒப்புக்கொண்ட நேர அட்டவணை இந்த விதிக்குள் அடங்குகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவர்கள். நான் சொன்ன கோப்பில் ‘ஆறு மணிக்குள்’ என்று ஒரு மெசேஜ் இருந்ததே, அந்த ஆறு மணியைக் குறித்தது டிரைவர் இல்லையே!

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் கனரக வாகனச் சட்டம் இதைப் பொறுப்புச் சங்கிலி என்றே சொல்கிறது. சரக்கு கொடுப்பவர், கட்டுபவர், ஏற்றுபவர், ஏற்றுமிடத்து மேலாளர், டிரிப் அட்டவணை போடுபவர், வாங்கிக்கொள்பவர், எல்லோரும் கண்ணிகள். 2018 அக்டோபரிலிருந்து நிறுவனத்தின் மேல்மட்ட நிர்வாகிகளுக்கும் நேரடிக் கடமை உண்டு, விபத்து நடக்கும்வரை காத்திருக்காமலே அவர்கள் மேல் கேள்வி வரும். தரகர்கள் விஷயத்தில் அமெரிக்காவின் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. பாதுகாப்பில் மோசமான பதிவுள்ள லாரி நிறுவனத்துக்கு லோடு கொடுத்த தரகர் மேல் மாநிலச் சட்டப்படி வழக்குப் போடலாமா கூடாதா என்பது கேள்வி. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. மலிவாக வருகிற வண்டி ஏன் மலிவாக வருகிறது என்று கேட்காமல் லோடு கொடுத்த காலம் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான திசையில் ஒரு சட்டம் போனதையும் பார்த்தோம். இந்தியாவின் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தில் ஆள் இறந்து, டிரைவர் போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பினால் பத்து வருஷம் வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் நாளே நாடு முழுக்க லாரிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டினார்கள், சங்கத்தோடு பேசாமல் அமல்படுத்த மாட்டோம் என்று அரசு சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது. அந்த ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஒரு பிரிவை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன், அப்படிச் செத்தவர்களின் கோப்புகளையும் படித்திருக்கிறேன். ஆனால் பத்து வருஷம் என்று எழுதிய அந்தப் பேனா, அந்த டிரைவரைத் தூங்கவிடாமல் ஓட்டச் சொன்னவருக்கு என்ன தண்டனை என்று ஒரு வரிகூட ஏன் எழுதவில்லை?

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் சத்தம் போட்டு நான் கேட்கவில்லை, எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. நீண்ட தூர ஓட்டம் என்றால் அனுமதி வாங்கி நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 வரை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு. நல்ல சட்டம், காகிதத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது இது பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதில் போக்குவரத்து நிறுவனம் என்று எண்ணப்பட பத்துத் தொழிலாளர் வேண்டும். ஐந்து பத்தாகிவிட்டது. மூன்று, நாலு பேரை வைத்து ஓட்டுகிற இடங்கள் முன்பும் வெளியில்தான் இருந்தன, இப்போது ஆறு, ஏழு பேரை வைத்திருக்கிற இடமும் வெளியே போய்விட்டது. சின்ன இடத்தில் வேலை பார்க்கிற டிரைவருக்கு மட்டும் தூக்கம் குறைவாகப் போதுமா?

இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம். நீங்கள் சொல்கிற ஒரு குறையில் நியாயம் இருக்கிறது. இழப்பீட்டுத் தொகைகள் ஏறிக்கொண்டே போகின்றன, பிரீமியத்தால் அதைத் துரத்த முடியவில்லை. ஆனால் அமெரிக்காவில் சாதாரணச் சரக்கு ஏற்றுகிற லாரிக்குச் சட்டம் கேட்கிற குறைந்தபட்சக் காப்பு 7,50,000 டாலர். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த தொகை, இன்றும் அதே தொகை. முதுகெலும்பு போன ஒரு சின்னப் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க ஆகிற வைத்தியச் செலவை அந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். இந்தியாவில் உங்கள் தரப்பு பல வருஷம் லைசென்ஸ் வகையைக் காட்டிக் கிளைமை மறுத்து வந்தது. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடித்து வைத்தது. இப்படி ஓட்டுவதால்தான் விபத்து கூடுகிறது என்று காட்டத் தரவு ஒன்றும் வரவில்லை என்றும் அந்தத் தீர்ப்பு குறித்தது. நிபந்தனை மீறல் இருந்தாலும் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு முதலாளியிடம் வசூல் செய்துகொள் என்ற வழியோ 2004இலிருந்தே அங்கே உறுதியாக நிற்கிறது. அதனால் ‘பாலிசி பொருந்தாது’ என்ற கடிதத்தை எழுதுவதற்குப் பதிலாக, பாலிசி போடுகிற அன்றைக்கே அந்த நிறுவனத்தின் டிரிப் ஷீட்டையும் கேட் ரிஜிஸ்டரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டியின் வயதைக் கேட்கிறீர்கள், மாடலைக் கேட்கிறீர்கள். போன வாரம் டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஒருவரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

டெக்சாஸ் வழக்கைச் சொல்லி நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 2014 டிசம்பர் 30, ஒடெசா நகருக்குப் பக்கத்தில், பனி உறைந்த நெடுஞ்சாலை. ஒரு பிக்கப் வண்டி வழுக்கி, நடுத்திட்டைத் தாண்டி, எதிரே வந்த லாரியின் முன்னால் போய் விழுந்தது. ஏழு வயதுப் பையன் இறந்தான், அவன் அக்காவுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவே போய்விட்டது. லாரியை ஓட்டியவர் பயிற்சியில் இருந்தவர், அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், லோடு குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியது. 2018இல் நடுவர் குழு கிட்டத்தட்ட 9 கோடி டாலர் தீர்ப்பளித்தது. பொறுப்பில் 70 சதவீதத்தை ஸ்டியரிங்கில் இருந்தவர் மேல் போடாமல் நிறுவனத்தின் மற்ற ஆட்கள் மேல் போட்டது. 2025 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பிக்கப் கட்டுப்பாடு இழந்ததுதான் விபத்துக்குக் காரணம் என்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம், லாரி தன் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த நடுவர்கள் 70 என்று எழுதினார்களே, அவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்று உங்களில் ஒருவராவது உட்கார்ந்து யோசித்தீர்களா? புதுக் கை, பனி உறைந்த ரோடு, பின்னால் தூங்குகிற குரு. இந்த மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியது ஆபீஸ். எதிரே வந்த வண்டி தவறு செய்த ஒரே காரணத்தால் இந்தத் தடவை தப்பித்தீர்கள். என் கோப்பில் இருந்த வேன் யார் வழிக்கும் போகவில்லை, ஓரமாகத்தான் நின்றது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காத்திருக்கிற நேரத்தை வேலை நேரமாக எண்ணுங்கள், அதற்குக் காசு கொடுங்கள். இதைச் செய்தாலே லாக் புத்தகத்தில் பொய் எழுத வேண்டிய தேவை பாதி போய்விடும். அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான லாரிகளில் நேரம் பதிகிற மின்னணுக் கருவி கட்டாயம், 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அது காட்டிக்கொடுத்துவிடும். கருவி வந்ததே தவிர, வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் ஓட்டத்தை முடிக்க வேண்டும் என்ற கணக்கில், கிடங்கு வாசலில் ஆறு மணி நேரம் போனால் மீதியில் அடித்துப் பிடித்து ஓடவேண்டிய கட்டாயம் அப்படியே இருக்கிறது. அங்கே 1938இலிருந்தே, மாநிலம் தாண்டிச் சரக்கு ஓட்டுகிற லாரி டிரைவர்களுக்கு ஓவர்டைம் காசு தரும்படி மத்திய ஊதியச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கருவி அவர் ஓட்டுவதை எண்ணுகிறது, அவரைக் காக்க வைத்தது யார் என்பதை அது எண்ணுவதில்லை.

அதனால் கேட் ரிஜிஸ்டரிலிருந்து தொடங்குங்கள். உள்ளே வந்த நேரம், டாக் கிடைத்த நேரம், வெளியே போன நேரம், மூன்றையும் டிரிப் ஷீட்டில் ஏற்றுங்கள், சரக்கு கொடுப்பவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். டிரைவர் ஓய்வில் இருக்க வேண்டிய நேரத்தில் வண்டிகளை அனுப்புகிற உங்கள் டிராபிக் ஆபீஸிலிருந்து மெசேஜ் போகக் கூடாது என்று ஒரு உத்தரவு போடுங்கள். தாமதமானால் வாடகையில் பிடிப்போம் என்று பார்ட்டி சொன்னால், காக்க வைத்த நேரத்துக்கு நீங்களும் பில் போடுங்கள், அந்தக் காசு டிரைவர் கைக்குப் போகட்டும். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இப்படிச் செய்கிறவர்களுக்குப் பிரீமியத்தில் குறைத்துக் கொடுக்கட்டும். இதற்கு எந்தத் திருத்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டாம், எந்தத் தீர்ப்பும் குறுக்கே நிற்கவில்லை. நாளைக்குக் கிளம்புகிற டிரிப் ஷீட்டிலேயே அந்த மூன்று கட்டங்களையும் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கோப்புகளைப் படிக்கிற ஒருவன்